கொடுக்காமல் நிறுத்தத் தெரிந்த கை

மருத்துவமனையில் ஒரு மருந்து நோயாளியைச் சென்றடைய நான்கு படிகள் உண்டு. மருத்துவர் எழுதுகிறார். அது சிகிச்சைத் தாளில் ஏறுகிறது. மருந்தகத்தில் எடுத்துத் தருகிறார்கள். செவிலியர் நோயாளிக்குக் கொடுக்கிறார். முதல் மூன்று படிகளில் பிழை நேர்ந்தால் அதைக் கண்டுபிடிக்க அடுத்த படியில் ஓர் ஆள் இருக்கிறார். நான்காம் படிக்கு அப்பால் நோயாளியின் உடம்புதான் இருக்கிறது. லூசியன் லீப், டேவிட் பேட்ஸ் முதலியோர் பாஸ்டன் நகரின் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 1995இல் வெளியானபோது இந்த உண்மை எண்களாகத் தெரிந்தது. மருந்துப் பிழைகளில் 39 சதவீதம் மருத்துவர் எழுதும்போதும் 38 சதவீதம் செவிலியர் கொடுக்கும்போதும் நேர்ந்திருந்தன. எழுதும்போது நேர்ந்தவற்றில் ஏறக்குறையப் பாதி, நோயாளியை எட்டும் முன்பே பிடிபட்டன. பிடித்தவர்கள் பெரும்பாலும் செவிலியர்கள். கொடுக்கும்போது நேர்ந்தவற்றில் பிடிபட்டவை இல்லை என்றே சொல்லலாம்.

இந்த எண்களைச் செவிலியர்மீது சுமத்தும் குற்றச்சாட்டாகப் படிப்பது நியாயமாகாது. பிறர் பிழையை அதிகம் தடுப்பவர் செவிலியர் என்பதும், அவரிடம் பிழை நேர்ந்தால் தடுக்க ஆளில்லை என்பதும் ஒரே ஆய்வு சொல்லும் இரண்டு செய்திகள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், செவிலிய மாணவருக்கு மருந்தைப் பற்றி எதை, எப்படிக் கற்பிக்கிறோம் என்பது ஒரு கல்லூரியின் உள்விவகாரமாக நின்றுவிடாது. மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொருவரின் உயிரோடும் தொடர்புள்ள கேள்வியாகிவிடும். இக்கட்டுரையின் வாதம் ஒன்றுதான். நம் செவிலியக் கல்வி மருந்தைக் கொடுக்கக் கற்பிக்கிறது. எப்போது கொடுக்காமல் நிறுத்த வேண்டும் என்பதைப் போதிய அளவு கற்பிப்பதில்லை. பாதுகாப்பின் உயிர்நாடி இந்த இரண்டாவது திறனில் இருக்கிறது. மருந்தியல் அறிவு வகுப்பறையை விட்டு நோயாளியின் கட்டிலருகே வந்து சேர்ந்தால்தான் அந்தத் திறன் பிறக்கும்.

சிக்கல் பாடத்திட்டத்தின் அமைப்பிலேயே தொடங்குகிறது. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்து, 2021-22 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில், மருந்து கொடுக்கும் முறை முதலாண்டின் இரண்டாம் செமஸ்டரில் அடிப்படைச் செவிலியப் பாடத்தின் ஒரு பகுதியாக வருகிறது. மருந்தியல் மூன்றாம் செமஸ்டரில் 20 மணி நேரமும் நான்காம் செமஸ்டரில் 60 மணி நேரமுமாக இரு பாகங்களில் வருகிறது. ஊசி போடக் கை பழகிய பிறகே, ஊசிக்குள் இருப்பது உடம்பில் என்ன செய்யும் என்ற பாடம் விரிவாகத் தொடங்குகிறது. இந்த வரிசைக்கும் காரணம் உண்டு. கைப்பழக்கத்துக்குக் காலம் வேண்டும். உடலியங்கியலும் உயிர்வேதியியலும் தெரியாதவருக்கு மருந்தியல் புரியாது. ஆனால் இரண்டு பாடங்களும் இரண்டு ஆசிரியர்களிடம், இரண்டு தேர்வுகளோடு முடிந்துபோனால் மாணவர் மனத்திலும் அவை இரண்டாகவே தங்கிவிடும்: ஒன்று கைக்கு உரிய செய்முறை, மற்றொன்று விடைத்தாளுக்கு உரிய மனப்பாடம். இதய மருந்து, வலிப்பு மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி, ஹார்மோன், புற்றுநோய் மருந்து என அத்தனையையும் 80 மணி நேரத்துக்குள் கடந்தாக வேண்டும் என்னும்போது பட்டியலே பாடமாகிவிடும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

செய்முறைப் பக்கத்தில் மாணவர் முதலில் நெட்டுருப் போடுவது ஐந்து 'சரி'களை: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இப்போதைய பாடத்திட்டத்தில் இவை பத்தாக வளர்ந்திருக்கின்றன. இவை தேவையானவை. ஆனால் இவை போய்ச் சேர வேண்டிய ஊரைச் சொல்கின்றன. போகும் வழியைச் சொல்வதில்லை. தாளில் எழுதியிருக்கும் அளவும் குப்பியில் இருக்கும் அளவும் ஒன்றா என்று பார்க்க ஐந்து 'சரி'கள் போதும். தாளில் எழுதியதே இந்த நோயாளிக்கு இன்று பொருந்துமா என்று பார்க்க அவை போதா. டிகாக்சினை எடுத்துக்கொள்வோம். தளர்ந்த இதயத்துக்குத் தரும் இந்த மருந்தைக் கொடுக்கும் முன் ஒரு முழு நிமிடம் நாடித் துடிப்பை எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் நிறுத்த வேண்டும் என்பது ஒவ்வொரு மாணவருக்கும் தெரிந்த விதி. ஒரு நோயாளிக்கு நாடி 76 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி மருந்தைக் கொடுக்கலாம். ஆனால் அவர் இரண்டு நாளாகச் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது என்கிறார். பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார். அதே தாளில் ஃப்ரூசமைடும் இருக்கிறது. அது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்த இதயத் தசையில் டிகாக்சினின் பிடி இறுகும். டிகாக்சின் நஞ்சாகும்போது அது எப்போதும் நாடியைக் குறைத்துத்தான் காட்டும் என்பதில்லை. துடிப்பின் ஒழுங்கைக் குலைத்தும் காட்டும். விதியை மட்டும் அறிந்தவர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். மருந்து செயல்படும் விதம் புரிந்தவர் மாத்திரையை ட்ரேயிலேயே வைத்துவிட்டு மருத்துவரை அழைப்பார்.

அறிவு பயன்பட வேண்டிய அந்தக் கணம் எவ்வளவு குறுகியது என்பதை 2017 டிசம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த மரணம் காட்டியது. ஸ்கேன் எடுக்கப் போன நோயாளியின் பதற்றத்தைத் தணிக்க மிடாசொலாம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். செவிலியர் அதன் வணிகப் பெயரான வெர்செடின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை மருந்து அலமாரிக் கணினியில் தட்டினார். அலமாரியோ மருந்துகளைப் பொதுப்பெயரில் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தது. கட்டுப்பாட்டைத் தாண்டி எடுக்கும் வசதியைப் பயன்படுத்தியபோது அதே எழுத்துகளில் தொடங்கும் வெக்குரோனியம் வெளியே வந்தது. அது தசைகளை முடக்கி மூச்சையே நிறுத்தும் மருந்து. பெயர்க் குழப்பத்தோடு கதை முடியவில்லை. மிடாசொலாம் திரவமாகவே குப்பியில் இருக்கும். வெக்குரோனியம் பொடி, கரைத்த பிறகே ஊசியில் ஏற்ற முடியும். மூடியிலேயே எச்சரிக்கை எழுதியிருந்தது. கொடுத்தது மிடாசொலாமாகவே இருந்திருந்தாலும் அதன் பிறகு மூச்சைக் கவனிக்க ஆள் நின்றிருக்க வேண்டும். பெயர் தவறிய பிறகும் நிறுத்துவதற்கு மூன்று வாய்ப்புகள் இருந்தன. மருந்தின் இயல்பைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் மூன்றில் ஒன்றாவது கையைப் பிடித்து நிறுத்தியிருக்கும். 'இது ஏன் பொடியாக இருக்கிறது?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது ஒரு மருந்தியல் செயல்.

கணக்கிலும் இதே கதைதான். மிரியம் மக்மல்லனும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட பிரித்தானிய ஆய்வில், மருந்து அளவைக் கணக்கிடும் தேர்வில் செவிலிய மாணவர்களில் 92 சதவீதமும் பதிவுபெற்ற செவிலியர்களில் 89 சதவீதமும் தேறவில்லை. ஆனால் அதே ஆண்டில் கெரி ரைட் என்ற ஆய்வாளர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வார்டில் நேரும் பிழைகளுக்குக் கணக்கு அறியாமைதான் முக்கியக் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றார். இரண்டும் முரண்போலத் தோன்றும். தாளில் போடும் கணக்கும் வார்டில் போடும் கணக்கும் ஒன்றல்ல என்பதே இதன் விளக்கம். கீத் வீக்ஸ் குழுவினர் இந்தத் திறனை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: கேட்கப்படுவது என்ன என்று புரிந்துகொள்ளுதல், கணக்கிடுதல், கருவியில் சரியாக அளந்தெடுத்தல். நம் நாட்டில் இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட குப்பியிலும் 100 யூனிட் கொண்ட குப்பியிலும் கிடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சிரிஞ்சு; நாற்பதுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கு ஆரஞ்சு. நூறு யூனிட் குப்பியிலிருந்து நாற்பதின் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லிலிட்டர், அதாவது 50 யூனிட். மாற்றி எடுத்தால் 20க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை குறையவில்லை என்று மறுநாள் அளவைக் கூட்டி எழுதுவார்கள். அதற்கடுத்த நாள் சரியான சிரிஞ்சு கைக்கு வரும்போது நோயாளி தாழ்சர்க்கரையில் மயங்குவார். இதில் கூட்டல் கழித்தல் பிழை எங்கும் இல்லை. குப்பியையும் சிரிஞ்சையும் ஒன்றாகப் பார்க்கப் பழகாத கண்ணே பிழைக்குக் காரணம். அந்தக் கண்ணைக் கரும்பலகையால் பழக்க முடியாது. இரண்டு வகைக் குப்பிகளையும் இரண்டு வகைச் சிரிஞ்சுகளையும் மேசையில் கலந்து வைத்துத்தான் பழக்க வேண்டும்.

அப்படியானால் கற்பித்தல் எப்படி மாற வேண்டும்? மாணவர்கள் எழுதும் மருந்துக் குறிப்பேட்டிலிருந்தே தொடங்கலாம். மருந்தின் பெயர், பிரிவு, அளவு, வழி, செயல்படும் விதம், பக்கவிளைவு என்று கட்டங்கள் நீண்டு, கடைசிக் கட்டமாகச் 'செவிலியர் பொறுப்பு' என்பது வரும். நூல்களைப் பார்த்துப் படியெடுக்கும் அந்தக் கடைசிக் கட்டம் முதலுக்கு வர வேண்டும். அதுவும் கேள்விகளாக வர வேண்டும். கொடுக்கும் முன் இந்த நோயாளியிடம் எதைப் பார்ப்பேன்? எதைக் கண்டால் நிறுத்துவேன்? கொடுத்தபின் எவ்வளவு நேரத்தில், எந்த மாற்றத்தை எதிர்பார்ப்பேன்? யாரிடம், என்ன சொல்வேன்? இந்த நான்குக்கும் விடை சொல்ல வேண்டுமானால் செயல்படும் விதத்தையும் பக்கவிளைவையும் புரிந்துகொண்டே தீர வேண்டும்; மனப்பாடம் கைகொடுக்காது. வேன்கோமைசினைக் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஓடும்படி ஏற்ற வேண்டும் என்பதை எண்ணாக மட்டும் படித்தவருக்கு அது மறந்துபோகும். வேகமாக ஏற்றினால் ஹிஸ்டமின் வெளிப்பட்டு முகமும் கழுத்தும் சிவந்து இரத்த அழுத்தம் விழும் என்று புரிந்தவருக்கு அந்த எண் மறக்காது. நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையை ரைல்ஸ் குழாய் வழியே கொடுக்க இடிக்கும்போது, ஒரு நாளுக்கான மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும் என்று அறிந்தவர் குழவியைக் கீழே வைத்துவிட்டு மாற்று மருந்து கேட்பார்.

தமிழ்நாட்டு வகுப்பறைக்கே உரிய ஒரு கருத்தும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வரும் மாணவர்கள் மருந்தியலை முதன்முதலாக ஆங்கிலத்தில் சந்திக்கிறார்கள். சொற்களின் சுமையே பெரிதாக இருக்கும்போது பொருளை விட்டுவிட்டுச் சொற்களைப் பிடித்துக்கொள்வது இயல்பு. ஆங்கிலப் பெயர்கள் வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. குப்பியின்மீது இருப்பவை அவைதான். ஆனால் ஒவ்வொரு மருந்தையும் நோயாளியிடம் தமிழில் இரண்டு மூன்று வாக்கியங்களில் விளக்கச் சொல்வதைப் பாடத்தின் கட்டாயப் பகுதியாக ஆக்கலாம். 'இந்த மாத்திரை உங்க உடம்புல தேங்கின நீரை வெளியேத்தும். தலை சுத்தினா, கால் தசை பிடிச்சு இழுத்தா உடனே சொல்லுங்க' என்று சொல்லத் தெரிந்த மாணவருக்கு ஃப்ரூசமைடு புரிந்திருக்கிறது என்று பொருள். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. தன் மருந்தைத் தெரிந்துகொண்ட நோயாளி, 'நேத்து வெள்ளை மாத்திரைதானே குடுத்தீங்க சிஸ்டர்?' என்று கேட்பார். நான்காம் படிக்கு அப்பால் காவலில்லை என்றோமே, அங்கே ஒரு காவல் உருவாகிறது. அந்தக் கேள்வியைத் தொந்தரவாக எண்ணாமல் நின்று சரிபார்க்கவும் மாணவருக்குக் கற்பிக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. பிழைகளுக்குத் தனிமனிதரின் அறியாமையைவிட அமைப்பின் ஓட்டைகளே காரணம் என்பது முதல் மறுப்பு. ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளர் நெடுங்காலம் நிறுவியது இதைத்தான். ஜோஹன்னா வெஸ்ட்புரூக் குழுவினர் சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் 4,271 முறை மருந்து கொடுத்ததை நேரில் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. பாதிக்கும் மேற்பட்ட தடவை வேலைக்கிடையே யாரோ குறுக்கிட்டார்கள். குறுக்கீடே இல்லாதபோது 2.3 சதவீதமாக இருந்த பெரும்பிழை வாய்ப்பு நான்கு குறுக்கீடுகளில் 4.7 ஆக இரட்டித்தது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஒருவர் பல நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, தொலைபேசியையும் எடுத்துக்கொண்டு, உறவினருக்கும் பதில் சொல்லிக்கொண்டு மருந்து கொடுக்கும் வார்டில் எந்தப் பாடமும் முழுக் காப்பாகாது. ஆனால் அமைப்பைச் சீர்படுத்துவதும் அறிவைக் கூர்மையாக்குவதும் போட்டியாளர்கள் அல்ல. செறிவான பொட்டாசியம் குளோரைடால் நேர்ந்த மரணங்களைப் பற்றித்தான் 1998இல் அமெரிக்காவின் கூட்டு அங்கீகார ஆணையம் தன் முதல் பாதுகாப்பு எச்சரிக்கையை வெளியிட்டது. அந்த மருந்தை வார்டு அலமாரியிலிருந்தே அகற்றுவதுதான் சிறந்த தீர்வு. அகற்றாத வார்டில் இன்றிரவு பணியில் இருப்பவருக்கு, அதை நீர்க்கச் செய்யாமல் இரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்ற அறிவுதான் இருக்கும் ஒரே வேலி. எதை அகற்றச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதும் அந்த அறிவு உள்ளவருக்குத்தான் தெரியும்.

கருவிகள் வந்துவிட்டால் இந்தக் கவலை தீரும் என்பது இரண்டாவது மறுப்பு. இதற்கும் சான்று உண்டு. பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் பார்கோடு முறை வந்தபின், நேரம் தவறுதல் நீங்கலான பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன என்று எரிக் பூன் குழுவினர் 2010இல் எழுதினார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ராஸ் காப்பெல் குழுவினர், பார்கோடு முறையைச் சுற்றிக்கொண்டு போகச் செவிலியர்கள் 15 வகைக் குறுக்கு வழிகளைக் கையாள்வதைப் பட்டியலிட்டிருந்தார்கள். ஸ்கேன் ஆகாத பட்டை, தீர்ந்துபோன பேட்டரி, அவசரம் என்று அவற்றுக்கு 31 காரணங்களையும் கண்டார்கள். டென்னசியில் மரணம் நேர்ந்ததும் கணினி அலமாரி இருந்த இடத்தில்தான். கருவி, எழுதியதையும் எடுத்ததையும் ஒப்பிடும். எழுதியது இந்த உடம்புக்கு இன்று பொருந்துமா என்று கட்டிலருகே நின்று பார்க்கும் வேலை மனிதருடையது. பார்கோடு இன்னும் எட்டாத மருத்துவமனைகளில் வேலை செய்யப்போகும் மாணவர்களுக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

மூன்றாவது மறுப்பு வெளிப்படையாகச் சொல்லப்படுவது குறைவு. நடைமுறையில் வலிமை மிக்கது அதுதான். மருந்தைத் தீர்மானிப்பது மருத்துவர், செவிலியர் கேள்வி கேட்டால் ஒழுங்கு கெடும் என்பது. ஆனால் நிறுத்துவது என்பது ஆணையை மாற்றுவதல்ல. ஆணையிட்டவர் பார்க்காத ஒன்றைப் பார்த்தவர் அவருக்குத் தெரிவிக்கும் வரை காத்திருப்பது. எழுதும்போது நேர்ந்து பிடிபடும் பிழைகளில் பெரும்பகுதியைத் தடுப்பவர் செவிலியர் என்ற பாஸ்டன் எண்களுக்கு முன்னால் இந்த மறுப்பு நிற்காது. ஆனால் நள்ளிரவில் மூத்த மருத்துவரை எழுப்பிப் பேசும் துணிவு பாடநூலிலிருந்து வராது. அதற்கும் பயிற்சி வேண்டும். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் வேண்டுகோள் என்ற நான்கு படிகளில் பேசும் முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. 'ஐயா, எட்டாம் கட்டில் நோயாளிக்கு டிகாக்சினை நிறுத்தி வைத்திருக்கிறேன், ஃப்ரூசமைடும் வாங்குகிறார், இரண்டு நாளாகக் குமட்டல், பார்வை மஞ்சளாகத் தெரிகிறது, டிகாக்சின் நஞ்சோ என்று சந்தேகம், பொட்டாசியமும் ஈ.சி.ஜி.யும் பார்க்கலாமா?' இப்படி முப்பது வினாடியில் பேச மாணவர் பலமுறை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். மருத்துவ மாணவர்களும் அந்த ஒத்திகையில் உடனிருந்தால் கேட்கும் பக்கமும் பழகும்.

நேரமில்லை என்பது கடைசி மறுப்பு. மணிக்கணக்கைக் கூட்டச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. இருக்கும் மணிகளின் உள்ளடக்கம் மாற வேண்டும் என்பதே. வார்டு நிலைமையை நடித்துப் பழகும் பாவனைப் பயிற்சியில் செலவிடும் நேரம் வீணாவதில்லை என்பதற்கு அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் குழுமம் பத்து நர்சிங் கல்வி நிலையங்களில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு சான்று. வார்டுப் பயிற்சியில் பாதியைத் தரமான பாவனைப் பயிற்சியாக மாற்றிய பின்னும் மாணவர் திறனில் வேறுபாடு தெரியவில்லை. அங்கே இருந்த ஆசிரியர் பயிற்சியும் வசதியும் நமக்கு எல்லா இடத்திலும் இல்லை என்பதை மறுக்க முடியாது. ஆயினும் ஒரு ட்ரே, நான்கு குப்பிகள், எழுதிய ஒரு சிகிச்சைத் தாள், நோயாளியாக நடிக்க ஒரு மாணவர், நடுவில் வந்து குறுக்கிட ஓர் ஆசிரியர் என்ற அளவில் இதை எந்தக் கல்லூரியிலும் தொடங்கலாம். அங்கே நேரும் பிழைக்குத் தண்டனை இருக்கக் கூடாது. டென்னசி செவிலியருக்கு 2022இல் குற்றவியல் நீதிமன்றம் தண்டனை விதித்தபோது, பிழைகளை வெளியே சொல்லும் துணிவை இது கொன்றுவிடும் என்று அமெரிக்கச் செவிலியர் அமைப்பு அஞ்சியதில் பொருள் உண்டு. வகுப்பிலேயே பிழையை ஒளிக்கப் பழகியவர் வார்டில் அதை வெளியே சொல்ல மாட்டார்.

2017இல் உலக சுகாதார நிறுவனம் தீங்கற்ற மருந்துப் பயன்பாட்டை உலகளாவிய அறைகூவலாக அறிவித்தபோது, மருந்துப் பிழைகளால் ஆண்டுதோறும் நேரும் செலவை 4,200 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அந்தப் பெரிய எண்ணை எதிர்கொள்ளும் இடங்களில் ஒன்று மிகச் சிறியது: செவிலிய மாணவரின் செய்முறைத் தேர்வு. பிரித்தானியாவில் 2018ஆம் ஆண்டு வகுத்த தரநிலை, மருந்துக் கணக்கில் நூற்றுக்கு நூறு பெறாத மாணவர் தேற முடியாது என்கிறது. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் மாணவர் கற்பார் என்ற உண்மையை அது உணர்ந்திருக்கிறது. நம் தேர்வில் கை கழுவியதற்கும், குப்பியின் பெயரை மூன்று முறை படித்ததற்கும், ஊசியைச் சரியான கோணத்தில் செலுத்தியதற்கும் மதிப்பெண் உண்டு. அத்தோடு, கொடுக்கக் கூடாத மருந்து ஒன்றையும் ட்ரேயில் வைக்க வேண்டும். எதை என்று மாணவருக்குச் சொல்லக் கூடாது. நோயாளியிடம் இரண்டு கேள்வி கேட்டு, தாளை மறுபடி பார்த்து, ட்ரேயைக் கீழே வைத்து, ஏன் கொடுக்கவில்லை என்று விளக்குபவருக்கே முழு மதிப்பெண் தர வேண்டும். அந்த மாணவர் வார்டுக்கு வரும்போது நான்காம் படியில் மருந்தியல் அறிந்த ஒரு காவல் நிற்கும்.